ஜாவாவில் பிரைவேட் ஃபீல்டை ரிஃப்ளெக்‌ஷன் மூலம் படிக்க

பழைய லைப்ரரி கிளாஸ் ஒன்றில் பிரைவேட் ஃபீல்டு (வெளியிலிருந்து நேரடியாகப் படிக்க முடியாத மாறி) இருக்கிறது, அதன் மதிப்பைத் தரும் கெட்டர் மெத்தட் இல்லை. டெஸ்ட்டுக்காக அதன் மதிப்பைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் ரிஃப்ளெக்‌ஷன் கைகொடுக்கும்; புரோகிராம் ஓடும்போதே கிளாஸின் உள்ளமைப்பை ஆராய உதவும் வசதி அது.

கெட்ஃபீல்டு மெத்தட் பப்ளிக் ஃபீல்டுகளை மட்டுமே தரும். பிரைவேட் ஃபீல்டுக்கு கெட்டிக்ளேர்டுஃபீல்டுதான் வேண்டும். ஆனால் அது அந்த ஒரு கிளாஸுக்குள் மட்டுமே தேடும். ஃபீல்டு தாய் கிளாஸில் இருந்தால் நோசச்ஃபீல்டு எக்செப்ஷன் வரும். பலரும் தடுமாறும் இடம் இது. கெட்சூப்பர்கிளாஸ் மூலம் ஒவ்வொரு படியாக மேலே ஏறித் தேடுங்கள். கிடைத்ததும் செட்ஆக்சஸிபிளுக்கு ட்ரூ கொடுத்து, கெட் மெத்தடில் ஆப்ஜெக்டைக் கொடுத்தால் மதிப்பு வந்துவிடும். ஸ்டாட்டிக் ஃபீல்டு (கிளாஸுக்கே சொந்தமானது) என்றால் ஆப்ஜெக்டுக்குப் பதில் நல் (null) கொடுத்தால் போதும்.

ஸ்ட்ரிங் போன்ற ஜாவாவின் சொந்த கிளாஸ்களில் இது எளிதில் நடக்காது. ஜாவா 16 முதல் உள் பகுதிகள் இயல்பாகவே பூட்டப்பட்டிருப்பதால் இன்ஆக்சஸிபிள்ஆப்ஜெக்ட் எக்செப்ஷன் வரும். புரோகிராமை இயக்கும்போது ஆட்-ஓப்பன்ஸ் ஆப்ஷனில் அந்த பேக்கேஜைத் திறந்துவிட வேண்டும்.

டெஸ்ட்டுக்கு வெளியே இதைத் தவிர்ப்பதே நல்லது என்பேன். ஃபீல்டின் பெயரை யாராவது மாற்றினால் கம்பைலர் எச்சரிக்காது, புரோகிராம் ஓடும்போதுதான் உடையும்.