நிலக்கரிச் சுரங்கம் வந்தால் சுற்றியுள்ள தண்ணீருக்கு என்ன ஆகும்: மதிப்பிடும் முறை

வரைபடத்தில் சுரங்க எல்லையைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டு, அதற்குள் இருக்கும் கிணறுகளை மட்டும் ஆராய்வது பல இடங்களில் வழக்கம். ஏன் ஐந்து என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. வட்டம் எவ்வளவு பெரிது என்பதைப் பாறைதான் சொல்ல வேண்டும்.

குழிக்குள் ஊறும் நீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். அந்த இறைப்பு எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. நீர்த்தாங்கியின் (நீரைத் தேக்கிக் கடத்தும் பாறையடுக்கு) கடத்துதிறனை (தடிமனை ஊடுருவுதிறனால் பெருக்கியது; ஒரு நாளைக்கு இத்தனை சதுர மீட்டர்) நாட்களின் எண்ணிக்கையால் பெருக்கி, தேக்கக் கெழுவால் (மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் ஒரு சதுர மீட்டர் பரப்பின் கீழிருந்து எவ்வளவு நீர் வெளிவரும் என்ற எண்) வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 1.5 ஆல் பெருக்க வேண்டும். 60 மீட்டர் தடிமனும் நாளொன்றுக்கு 0.1 மீட்டர் ஊடுருவுதிறனும் உள்ள மணற்பாறை என்றால் கடத்துதிறன் 6. பத்து வருடம் என்றால் 3,650 நாள். தேக்கக் கெழு 0.05 ஆக இருந்தால் குழியின் விளிம்பிலிருந்து ஏறத்தாழ 1 கிலோமீட்டர் வரும். அதே பாறைக்கு 0.0005 போட்டால் 10 கிலோமீட்டர்!

முதல் எண் மேலே திறந்திருக்கும் நீர்த்தாங்கிக்கு. இரண்டாவது, களிமண்ணோ களிப்பாறையோ மூடியிருக்கும் நீர்த்தாங்கிக்கு. மூடிய தாங்கியில் துளைகள் காலியாவதில்லை, அழுத்தம்தான் இறங்குகிறது. அதனால் கொஞ்சம் நீரை எடுத்தாலும் பாதிப்பு வெகுதூரம் போகும். சுரங்கத் தரப்பின் அறிக்கை கைக்கு வந்ததும் தேக்கக் கெழு உள்ள பக்கத்தை முதலில் புரட்டுங்கள். அது களத்தில் அளந்ததா, புத்தகத்திலிருந்து எடுத்துப் போட்டதா என்று பாருங்கள்.

அளக்கும் வழி பம்பிங் டெஸ்ட்: கிணற்றில் நீரை இறைத்து மட்டம் எப்படி இறங்குகிறது என்று பார்ப்பது. பம்ப் ஓடும் கிணற்றில் மட்டும் மட்டத்தைப் பார்த்தால் தேக்கக் கெழு நம்பும்படி கிடைக்காது; தள்ளி ஒரு கண்காணிப்புக் கிணறாவது வேண்டும். ஒரே வேகத்தில் இறைக்க வேண்டும்: மூடிய தாங்கிக்கு 24 மணி நேரம், திறந்ததற்கு 72 மணி நேரம். நிறுத்திய பிறகு மட்டம் ஏறுவதையும் பதிவு செய்யுங்கள். இறைத்த நீரைப் பக்கத்திலேயே கொட்டினால் அது மறுபடி உள்ளே இறங்கி, மட்டம் குறைவாக இறங்கியது போலக் காட்டும். குழாய் போட்டுத் தூரத்தில் விடுங்கள். நேரத்தை மடக்கை (லாக்) அளவில் வைத்து நீர்மட்டத்தை வரைந்த கோட்டின் சரிவு நடுவில் இரண்டு மடங்கானால் பக்கத்தில் நீரை மறிக்கும் பிளவோ பாறைச் சுவரோ இருக்கலாம். கோடு தட்டையானால் ஆற்றிலிருந்தோ மேலடுக்கிலிருந்தோ நீர் வருகிறது என்று சந்தேகிக்க வேண்டும். ஆற்றுக்கு ஆபத்து இருக்கிறதா என்பதற்கு இதுதான் முதல் தடயம்.

வட்டம் கிடைத்த பிறகு கிணற்றுக் கணக்கெடுப்பு. ஆழம், நிலைமட்டம் (பம்ப் ஓடாதபோது நிற்கும் மட்டம்), பம்ப் இறங்கியிருக்கும் ஆழம், பயன்பாடு எல்லாம் எழுதுங்கள். முக்கியமான எண், பம்ப் ஓடும்போது அதற்கு மேல் எத்தனை மீட்டர் நீர் நிற்கிறது என்பது. மூன்று மீட்டர்தான் நிற்கிறது என்றால், "வெறும் இரண்டு மீட்டர் தாழ்வு" என்ற வாசகம் அந்தக் கிணற்றுக்காரருக்குப் பொருந்தாது. கோடைக் கடைசியில் அளந்ததைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். வருடாந்திரச் சராசரி அந்த ஆபத்தை மறைத்துவிடும்.

அடிப்படைத் தரவுக்கு இரண்டு வருடமாவது மாதந்தோறும் அளவு வேண்டும். கண்காணிப்புக் குழாய்களை ஒரே இடத்தில் வெவ்வேறு ஆழத்தில் தனித்தனியாக இறக்குங்கள். குழாயைச் சுற்றியுள்ள பெண்டோனைட் (நீரில் ஊதிப் பெருகும் களிமண்) அடைப்பு சரியில்லாவிட்டால் எல்லா ஆழத்திலும் ஒரே மட்டம் காட்டும். அடுக்குகள் இணைந்திருக்கின்றன என்ற தவறான முடிவு அங்கிருந்துதான் பிறக்கும். மூடிய லாகர் (மட்டத்தைத் தானே பதியும், வெளிக்காற்றோடு இணைப்பில்லாத கருவி) வைத்தால் காற்றழுத்தத் திருத்தம் அவசியம், 1 ஹெக்டோபாஸ்கல் மாறினாலே ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் பிசகும். நீர் மாதிரி எடுக்கும் முன் குழாயில் தேங்கிய நீரை, அதன் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு, வெளியேற்றுங்கள். 50 மில்லிமீட்டர் குழாயில் மீட்டருக்குச் சுமார் 2 லிட்டர். 20 மீட்டர் நீர் நின்றால், மூன்று கொள்ளளவுக்கு 120 லிட்டர். பிஎச், மின்கடத்துதிறன் இரண்டையும் அங்கேயே அளந்துவிடுங்கள். கரைந்த உலோகங்களுக்கான பாட்டிலை 0.45 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டி நைட்ரிக் அமிலம் சேருங்கள். காரத்தன்மைக்கான பாட்டிலில் அமிலம் சேர்த்தால் அந்த மாதிரி வீண். முடிவு வந்ததும் நேர், எதிர் அயனிகளைக் கூட்டிப் பாருங்கள். வித்தியாசம் 5 சதவீதத்தைத் தாண்டினால் ஆய்வகத்தைக் கேள்வி கேளுங்கள்.

சிறு ஓடையின் ஓட்டத்தை அளக்க 90 டிகிரி வி-வடிவத் தடுப்பு போதும். வி-யின் அடிமுனையிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் ஓட்டம் நொடிக்கு ஏறத்தாழ 4.4 லிட்டர். மழையில்லாத மாதங்களில் ஓடுவது நிலத்தடி நீர். சுரங்கம் முதலில் கை வைப்பது அதில்தான்.

தோண்டிக் குவிக்கும் பாறையையும் சோதிக்க வேண்டும். பைரைட் (இரும்புச் சல்பைடு) வடிவில் 1 சதவீதம் கந்தகம் இருந்தால், ஒரு டன் பாறையிலிருந்து வரக்கூடிய அமிலத்தை நடுநிலையாக்க 31.25 கிலோ கால்சியம் கார்பனேட் தேவை. இங்கே ஒரு பொறி உண்டு. நிலக்கரிப் பாறைகளில் அடிக்கடி காணும் சிடரைட் என்ற இரும்புக் கார்பனேட், ஆய்வகத்தில் அமிலத்தைக் குடித்து நல்ல பாறை போலக் காட்டும். வெளியே அதன் இரும்பு ஆக்சிஜனேற்றம் அடையும்போது அந்த அமிலத்தைத் திருப்பித் தந்துவிடும். சிடரைட்டுக்குத் திருத்தம் செய்தார்களா என்று கேளுங்கள். பிஎச் 7 என்பதால் நிம்மதியடையவும் வேண்டாம், சல்பேட்டும் உப்பும் அப்போதும் ஏறலாம்.

நிலத்தடி நீரைக் கணக்கிடும் கணினி மாடலில் இரண்டு விஷயம் பாருங்கள். நீர்மட்டத்துக்கு மட்டும் பொருத்திய மாடலில் மழைநீர் ஊறலையும் ஊடுருவுதிறனையும் ஒன்றாக இரட்டித்தாலும் அதே மட்டம்தான் வரும். குழியில் ஊறும் அளவோ இரட்டிப்பாகும். ஆகவே ஓடையின் அளந்த ஓட்டத்துக்கும் அது பொருந்த வேண்டும். அடுத்தது, மாடலின் கணக்கு எந்த வருடத்தில் நிற்கிறது என்பது. இறைப்பை நிறுத்தினாலும் காலியான குழி பல வருடம் சுற்றுப்புற நீரை இழுத்துக்கொண்டிருக்கும், தூரக் கிணறுகளில் உச்சத் தாழ்வு சுரங்கம் மூடிய பிறகே வரலாம். மூடும் வருடத்தோடு மாடல் முடிந்திருந்தால் நீட்டி ஓட்டச் சொல்லி, ஒவ்வொரு கிணற்றிலும் உச்சத் தாழ்வு எத்தனை மீட்டர், எந்த வருடம் என்ற அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்.