பெயருக்கு முன்னால் ‘இர்’ இருந்தால் போதுமா?

கோலாலம்பூர் நீதிமன்றத்தில் முதன்முறை நிபுணர் சாட்சியாக ஏறியபோது, எதிர்த்தரப்பு வக்கீல் என் பட்டங்களைத் தொடவே இல்லை. “பைலிங் வேலையை எத்தனை தளங்களில் நேரில் பார்த்திருக்கிறீர்கள்?” என்றார். இரண்டு. பைலிங் என்பது கட்டடத்தைத் தாங்க மண்ணுக்குள் தூண் இறக்குவது. என் துறை கான்கிரீட். வழக்கோ அடித்தளம் இறங்கியது பற்றி. அதற்குமேல் நான் சொன்னது எதுவும் எடுபடவில்லை.

மலேசியப் பொறியியலாளர் வாரியத்தில் தொழில்முறைப் பொறியியலாளராகப் பதிந்து, பெயருக்கு முன்னால் போடும் ‘இர்’ பட்டத்தை வாங்கிவிட்டால் எல்லாக் கட்டட வழக்குக்கும் நாமே நிபுணர் என்ற நினைப்புத்தான் காலை வாருகிறது. 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவு கேட்பது அந்த விஷயத்தில் தனித்தேர்ச்சி. அது படிப்பாலும் வரலாம், அனுபவத்தாலும் வரலாம் என்று அன்றைய உச்ச நீதிமன்றம் 1993இலேயே சொல்லிவிட்டது. ஆகவே முப்பது ஆண்டு வாட்டர்புரூஃபிங் செய்தவரைப் பட்டமில்லை என்று ஒதுக்குவதும் பிழைதான். கூடுதல் வேலைக்கான பணக் கணக்கா? கட்டட வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடும் குவான்டிட்டி சர்வேயரிடம் போங்கள்.

இதைவிடப் பெரிய சறுக்கல், காசு கொடுத்தவருக்காகப் பேசுவது. “அண்ணே, நம்ம பக்கம் கொஞ்சம் சாய்ச்சு எழுதுங்க” என்று குத்தகையாளர் உரிமையோடு கேட்பார். 2012 நீதிமன்ற விதிகளின் 40ஏ கட்டளைப்படி நிபுணரின் கடமை நீதிமன்றத்துக்கு. கூலி கொடுத்தவர் அதற்குப் பிறகுதான். அந்தக் கடமை புரிந்தது என்று அறிக்கையிலேயே எழுதித் தரவேண்டும். ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசியிருந்தால் அந்த வரிக்கு என்ன மதிப்பு?

பரிசோதனை விவரத்தையும் பலர் கோட்டைவிடுகிறார்கள். கான்கிரீட் ஸ்லாபில் கோர் (துளையிட்டு எடுக்கும் உருளைத் துண்டு) எடுத்து ஆய்வுக்கூடத்தில் நசுக்கிப் பலம் பார்த்தது யார், அவர் தகுதி என்ன, நம் மேற்பார்வையில் நடந்ததா என்பதை எழுதவேண்டும். “ஆய்வுக்கூட முடிவு இணைப்பில்” என்று ஒரு வரியோடு நிறுத்தக்கூடாது. வேறு கருத்துக்கு இடமிருந்தால் அதையும் சொல்லி, நம்முடையது ஏன் பொருந்துகிறது என்று விளக்கவேண்டும். விரிசல் படத்தில் பக்கத்தில் அளவுகோலும் தேதியும் இல்லையென்றால் அது வெறும் சுவர்ப்படம்.

பணம் வராத தகராறு, கட்டுமானப் பணத் தகராறுகளுக்கான ‘சிப்பா’ சட்டத்தின்கீழ் தீர்வாளரிடம் போனால் நிபுணரைத் தேட நேரமே இருக்காது. கோரிக்கை கைக்கு வந்து 10 வேலைநாளில் பதில் போயாகவேண்டும். ஒன்பதாம் நாள் எனக்கு அழைப்பவர்கள் உண்டு.

போன மாதம் செந்தூலிலிருந்து ஒருவர் அழைத்தார். மறுபடியும் பைலிங் வழக்கு. மண் பொறியியல் தெரிந்த நண்பரின் எண்ணைக் கொடுத்துவிட்டேன்.