30 லட்சம் சம்பளம்: கைக்கு எவ்வளவு வரும்?

போன வாரம் சித்தி மகன் ஆஃபர் லெட்டரோடு வந்தான். சோழிங்கநல்லூரில் வேலை, சிடிசி (கம்பெனி அவனுக்காக வருடத்துக்குச் செய்யும் மொத்தச் செலவு) 30 லட்சம். "மாசம் இரண்டரை லட்சம்ணா" என்று வீட்டுக் கடனுக்கே கணக்குப் போட்டுவிட்டான். லெட்டரின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் சம்பளப் பட்டியலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 12 லட்சம். கம்பெனி கட்டும் பிஎஃப் 1.44 லட்சமும் கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) சிடிசிக்குள்ளேயே இருக்கின்றன. இரண்டையும் கழித்தால் சுமார் 28 லட்சம். நிலைக் கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) 75,000 போக, 27.25 லட்சத்துக்கு வரி. 2025-26 புதிய வரி முறையில் 24 லட்சம் வரை வரி சரியாக 3 லட்சம். அதற்கு மேல் உள்ளதற்கு 30 சதவீதம். வரியின் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்தால் 4.13 லட்சம். அப்புறம் அவன் பங்கு பிஎஃப் இன்னொரு 1.44 லட்சம் (சேமிப்புதான், ஆனால் இப்போது கைக்கு வராது), மாநகராட்சித் தொழில் வரி வருடத்துக்கு 2,500. மீதியைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 1.86 லட்சம்.

வேரியபிள் பே (வேலைத் திறனைப் பொறுத்து மாறும் சம்பளம்) இருந்தால் அதை முதலிலேயே ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடுங்கள். வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினால் வரியின் மேல் 10 சதவீதம் சர்சார்ஜும் உண்டு. வங்கியில் ஈஎம்ஐ பேசும்போது 1.86-ஐ வைத்தே பேசச் சொல்லி அனுப்பினேன்.