டேலியா கிழங்கும் செங்காந்தள் கிழங்கும்: முதல்ல கண்ணு எங்க இருக்குன்னு பாருங்க

ரெண்டும் கிழங்கு, ரெண்டும் வருஷா வருஷம் தூங்கி எந்திரிச்சுப் பூக்குற செடி, இதுல என்ன பெரிய வித்தியாசம் இருந்துடப் போகுதுன்னு முதல் தடவை ரெண்டையும் ஒரே நாள்ல, ஒரே மண்ணுல, ஒரே மாதிரி நட்டு தினமும் தண்ணி ஊத்தினேன். டேலியா அழுகிடுச்சு. காந்தள் ரெண்டு மாசம் ஆகியும் தலையே காட்டல, தோண்டிப் பாத்தா கிழங்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒரு நுனி ஒடிஞ்சு போயிருக்கு, இன்னொரு நுனி நான் பையில இருந்து எடுக்கும்போதே போயிடுச்சு போல. அதுக்கப்புறம்தான் கிழங்கக் கையில வெச்சு ஒழுங்காப் பாக்கவே ஆரம்பிச்சேன்.

டேலியா கிழங்கு கொத்துக் கொத்தா சின்ன சர்க்கரைவள்ளி மாதிரி இருக்கும். அதுல எங்க வேணா முளைக்கும்னு நெனைக்காதீங்க, பழைய தண்டும் கிழங்கோட கழுத்தும் சேர்ற எடத்துலதான் கண்ணு இருக்கும், குண்டூசித் தலை அளவுக்கு ஒரு புடைப்பு. கழுத்து ஒடிஞ்ச கிழங்கு எவ்ளோ கொழுகொழுன்னு இருந்தாலும் முளைக்காது, வேர் வேணா விடும். காந்தள் இதுக்கு நேர் எதிர். அதோட கிழங்கு ரெண்டு கை விரிச்ச மாதிரி வளைஞ்சு இருக்கும், கலப்பைக் கிழங்குன்னு பேரு வந்ததே அந்த வடிவத்தாலதான், ஒவ்வொரு கையோட நுனியிலயும் ஒரே ஒரு முளை. அந்த நுனி போச்சுன்னா அந்தக் கை போச்சு. பெருக்கணும்னா நடுவுல கை பிரியுற எடத்துல உடைக்கலாம், காயம் காய ஒரு ரெண்டு நாள் நிழல்ல போட்டு அப்புறம் நடுங்க. இன்னொரு விஷயம், ரொம்ப சின்னக் கிழங்கா வாங்கிட்டு பூ வரலன்னு பொலம்பாதீங்க, 50-60 கிராமாவது இருந்தாதான் அந்த வருஷமே பூ எதிர்பாக்கலாம்.

காந்தள் கிழங்கத் தொடும்போது கண்டிப்பா கையுறை போடுங்க. செடி முழுக்க விஷம், கோல்ச்சிசின்னு ஒரு பொருள், கிழங்குலயும் விதையிலயும் அது அதிகம். ஏதோ வள்ளிக்கிழங்குன்னு நெனச்சு சாப்பிட்டு உயிர் போனதெல்லாம் நடந்திருக்கு. சின்னப் பசங்க, நாய், பூனை இருக்குற வீட்டுல எட்டாத எடமாப் பாத்து வைங்க, இல்லன்னா காந்தளே வேணாம்னு விட்டுடுங்க, தப்பே இல்ல.

மண்ணு ரெண்டுக்குமே தண்ணி தேங்காததா இருக்கணும், அது ஒண்ணுதான் ஒத்துப் போகுது. தோட்ட மண்ணு, மட்கின உரம், மணல் மூணும் கலந்தாப் போதும், காந்தளுக்கு மணல் கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும். தொட்டி 12 இஞ்சுக்குக் கம்மியா வேணாம். டேலியாவ 10-15 சென்டிமீட்டர் ஆழத்துல கண்ணு மேல பாத்த மாதிரி படுக்க வைங்க. காந்தளையும் படுக்கத்தான் வைக்கணும், 5-8 சென்டிமீட்டர் போதும், நுனி தொட்டி ஓரத்துல முட்டாம நடுவப் பாத்து இருக்கட்டும், ஏன்னா முளை அங்க இருந்துதான் கெளம்பும்.

அடுத்தது தண்ணி, நான் சொதப்பினது இங்கதான். டேலியாவுக்கு நட்டப்போ மண்ணுல லேசா ஈரம் இருந்தாலே போதும், தளிர் வெளிய வர்ற வரைக்கும் ஊத்தாதீங்க, வேரே இல்லாத கிழங்கு அந்தத் தண்ணிய வெச்சுக்கிட்டு என்ன பண்ணும், அழுகத்தான் செய்யும். வளர்ந்ததுக்கு அப்புறம் கதையே வேற, நல்லாக் குடிக்கும், ஆழமா ஊத்தணும். காந்தளுக்கு மண்ணு லேசா ஈரமா இருந்துட்டே இருந்தா பரவாயில்ல, ஆனா அதுக்கு சூடு முக்கியம், 20 டிகிரிக்கு மேல இல்லன்னா அசையாது. டேலியா மெக்சிகோ பக்கத்து மலைச்செடி, ராத்திரி குளுகுளுன்னு இருந்தா அதுக்குக் கொண்டாட்டம், 30 தாண்டினா சோர்ந்து பூ சிறுத்துடும், அந்த மாதிரி எடத்துல காலை வெயில் மட்டும் படுற மாதிரி வெச்சு மத்தியானத்துக்கு நிழல் குடுங்க. காந்தளுக்கு மேல வெயில், கால்ல நிழல், அதாவது தொட்டி சூடாகாம கொடி மட்டும் வெயில்ல இருக்கணும்.

டேலியா மூணு நாலு ஜோடி இலை விட்டதும் நடு நுனியக் கிள்ளிடுங்க, மனசு வராது, ஆனா கிள்ளினாதான் பக்கக் கிளை வந்து நெறைய பூக்கும். அந்தக் கை பழக்கத்துல காந்தளையும் கிள்ளிடாதீங்க! அதோட பூ மொட்டு மேல் நுனிப் பக்கம்தான் வரும், நுனி ஒடிஞ்சா அந்தக் கொடிக்கு அந்த வருஷம் அவ்ளோதான். முட்டுக் குடுக்குறதுலயும் ரெண்டும் வேற வேற. டேலியா தண்டு உள்ள கூடு, காத்தடிச்சா மடிஞ்சுடும், அதனால நடும்போதே கம்பு ஊனிடணும், அப்புறமா குத்தினா கிழங்குலயே குத்துவோம். காந்தள் இலையோட நுனியே சுருண்டு பத்திக்கும், ஆனா அது மெல்லிசான எதையாவதுதான் புடிக்கும், தடிச்ச கம்புல சுத்த வராது, கம்பி வலை இல்ல நூல் கட்டி விடுங்க.

உரத்துல ரெண்டுக்கும் நைட்ரஜனக் கொறச்சு பொட்டாஷக் கூட்டுங்க, இல்லன்னா எல்லாம் இலையாவே நிக்கும். காந்தள் இலையில கறுப்பு உடம்புல வெள்ளையும் சிவப்புமா புள்ளி வெச்ச புழு வந்தா அன்னிக்கே பொறுக்கிடுங்க, ரெண்டு நாள் விட்டா மொட்டைக் கொடிதான் மிஞ்சும். டேலியாவுக்கு நத்தையும் அசுவினியும்.

சீசன் முடிஞ்சு காந்தள் மஞ்சளாகிக் காய ஆரம்பிச்சா செத்துப் போச்சுன்னு தூக்கிப் போட்டுடாதீங்க, தண்ணிய நிறுத்திட்டு தொட்டியோட மழை படாத எடத்துல ஒதுக்கிடுங்க, பழைய கிழங்கு சுருங்கி உள்ள புதுசு ஒண்ணு உருவாகியிருக்கும். நான் அதத் தோண்டுறதே இல்ல, தோண்டினா நுனி ஒடியும்னு பயம். டேலியாவ பனி உறையுற எடம்னாலும் தண்ணி நிக்குற எடம்னாலும் எடுத்துத்தான் ஆகணும். மண்ணத் தட்டிட்டு காஞ்ச மணல்லயோ நார்க்கழிவுலயோ பொதைச்சு 5-10 டிகிரி குளுமையில வைங்க, மாசம் ஒருக்கா பாத்து அழுகினத வெட்டி எறியுங்க, ரொம்ப சுருங்கியிருந்தா ரெண்டு சொட்டு தண்ணி தெளிங்க. பிரிக்கிறத எடுத்த அன்னிக்கே பண்ணாம நடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி பண்ணுறது எனக்கு சரியா வருது, அப்போ கண்ணு நல்லா புடைச்சுத் தெரியும், எந்தத் துண்டுல இருக்கு எதுல இல்லன்னு யோசிக்காம வெட்டலாம்.