பெல்லட் கிரில்: அளவைத் தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெக்சாஸில் வீடு வாங்கிய முதல் ஆண்டு, நான்கு பேர் உள்ள எங்கள் குடும்பத்துக்கு ஆயிரம் சதுர அங்குலத்துக்கும் அதிகமான சுடும் பரப்புள்ள பெல்லட் கிரில் ஒன்றை வாங்கினேன். பெல்லட் எனப்படும் சிறு மரத்தூள் உருளைகளை எரித்துச் சுடும் அடுப்பு அது. நவம்பரில் வரும் அமெரிக்க விருந்துத் திருநாளான தேங்க்ஸ்கிவிங்குக்கு அந்த ஆண்டு இருபது பேரை அழைத்திருந்தோம். விருந்து நன்றாகவே நடந்தது. அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகள், சனிக்கிழமைதோறும் ஆறு கோழித் தொடைகளைச் சுடுவதற்காக அந்தப் பெரிய பெட்டி முழுவதையும் சூடாக்க வேண்டியிருந்தது. நண்பர்கள் பலரும் இதே வழியில் போவதைப் பார்க்கிறேன். ஆண்டில் ஒரு நாள் வரும் கூட்டத்துக்காக மற்ற எல்லா வாரங்களுக்கும் பொருந்தாத அடுப்பை வாங்குவதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான்.

இந்த அடுப்பு வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். கரி அடுப்பில் நாலு துண்டு கறிதான் என்றால் கரியை ஒரு மூலையில் குவித்துக்கொள்ளலாம். பெல்லட் கிரிலில் அது முடியாது. பக்கவாட்டுப் பெட்டியிலிருந்து மரத்தூள் உருளைகளைத் திருகுத்தண்டு ஒன்று சிறுகச் சிறுக நெருப்புக் கிண்ணத்தில் தள்ளுகிறது. விசிறி அந்தச் சூட்டையும் புகையையும் பெட்டி முழுவதும் பரப்புகிறது. தட்டில் பாதி காலியாக இருந்தாலும் அந்தப் பாதியும் சூடாகத்தான் வேண்டும். டெக்சாஸிலேயே ஜனவரி வாடைக்காற்றில் இந்த வித்தியாசம் தெரிகிறது. மினசோட்டா, மிச்சிகன் போன்ற குளிர் மிகுந்த வட மாநிலங்களில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

இரண்டாவது தவறு, பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்புவது. 1980களில் ஓரிகன் மாநிலத்தில் ஜோ டிரேகர் இந்த அடுப்பை உருவாக்கினார். அவருடைய காப்புரிமை 2006-இல் முடிந்ததும் பல நிறுவனங்கள் களத்தில் இறங்கின. இன்று கடையில் வரிசையாக நிற்கும் மாடல்களில் பலவற்றின் பெயரிலேயே ஓர் எண் இருக்கும். பெரும்பாலும் அது மேல்தட்டையும் சேர்த்த மொத்தப் பரப்பு. டிரேகர் நிறுவனத்தின் புரோ 575 மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கீழ்த்தட்டு 22 அங்குல அகலம், 19 அங்குல ஆழம். அதாவது 418 சதுர அங்குலம். மீதி எல்லாம் மேலே இருக்கும் குறுகலான தட்டில். அங்கே சோளக்கதிர் வைக்கலாம், காளான் வைக்கலாம்; முழுக் கோழியை வைக்க முடியாது. எனவே ஒப்பிடும்போது கீழ்த்தட்டின் நீள அகலத்தை மட்டும் ஒப்பிடுங்கள்.

அந்த 418 என்ற எண் மனத்தில் எந்தப் படத்தையும் தராது. இரண்டாவது கிரில் வாங்குவதற்கு முன் ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து, 22-க்கு 19 என்று வெட்டி, சாப்பாட்டு மேசையில் போட்டேன். மதுரையிலிருந்து வந்திருந்த அம்மா, கடையில் வாங்கிவந்த கோழித் தொடைகளை நெகிழித்தாள் மேல் வைத்து அட்டையில் அடுக்கினார். காலும் தொடையும் சேர்ந்த துண்டு ஒவ்வொன்றும் சுமார் ஏழு அங்குலம் நீளம், ஐந்து அங்குலம் அகலம். ஒன்பது வைத்ததும் அட்டை நிறைந்துவிட்டது. “நாலு பேருக்கு இது போதும்டா, மறுநாளைக்கும் மிஞ்சும்” என்றார் அம்மா. விற்பனையாளர் அரை மணி நேரம் பேசியும் எனக்குப் புரியாதது அந்த ஒரு நிமிடத்தில் புரிந்தது. நீங்களும் உங்கள் வீட்டில் அடிக்கடி சமைப்பது எதுவோ அதையே அடுக்கிப் பாருங்கள். துண்டுகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி விடுங்கள். புகை சுற்றிவர வழியில்லாமல் நெருக்கினால் ஓரத்தில் இருப்பது வெந்து, நடுவில் இருப்பது வேகாமல் நிற்கும். கோழி எங்கே இருந்தாலும் உள்ளே 165 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டியாக வேண்டும்.

தலையை எண்ணி அளவைத் தீர்மானிப்பதும் சரிவராது. அடுப்பில் இடம்பிடிப்பது உணவின் வடிவம். மாட்டின் நெஞ்சுக்கறியான பிரிஸ்கெட் முழுதாக இருந்தால் இருபது அங்குலம் வரை நீளும். சமைத்து முடிக்கும்போது எடையில் ஏறக்குறைய பாதி போய்விடும். வான்கோழிக்கு அகலத்தைவிட உயரம்தான் சிக்கல். மூடியை இறக்கியபோது நெஞ்சுப்பகுதி மேலே இடித்தால் எவ்வளவு பரப்பு இருந்தும் பயனில்லை. மேல்தட்டைக் கழற்ற முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். கூட்டம் பெரியது என்றால் ஒரே பெரிய வான்கோழியைவிட 12 பவுண்டில் இரண்டு வாங்குவதே என் வழக்கம். சீக்கிரம் வேகும், ஒன்றை முன்கூட்டியே சமைத்தும் வைக்கலாம். அப்படிச் செய்தால் நடுத்தர அடுப்பே இருபது பேரைச் சமாளித்துவிடும்.

நம் வீடுகளில் இன்னொரு கணக்கும் உண்டு. அப்பா சைவம், பிள்ளைகள் அசைவம் என்றால் ஒரே தட்டில் பாதிப் பாதி வைப்பது யாருக்கும் நிம்மதி தராது. பனீரும் காய்கறியும் மேல்தட்டில், கறி கீழ்த்தட்டில் என்றால் கறியின் சாறு காய்கறி மேல் சொட்டாது. இத்தகைய குடும்பங்கள் மேல்தட்டு உறுதியாகவும் அகலமாகவும் உள்ள மாடலைத் தேடுவது நல்லது. புகைகூடச் சேரக் கூடாது என்று நினைப்பவர்களுக்காகச் சைவத்தை முதலில் தனியாகச் சமைத்து எடுத்துவிடுங்கள்.

இதற்காக மிகச் சிறியதை வாங்கிவிடாதீர்கள். 200 சதுர அங்குலத்துக்கும் குறைவான, காரில் எடுத்துப்போகும் வகை, இருவர் முகாமுக்குப் போக அருமையானது. வீட்டுக்கு அதுவே ஒரே அடுப்பு என்றால் இரண்டு தவணையாகச் சமைப்பீர்கள். கடைசியில் சாப்பிடுபவருக்கு எப்போதும் காத்திருப்புதான். நான்கைந்து பேருக்குக் கீழ்த்தட்டு 400 முதல் 500 சதுர அங்குலம் வரை இருந்தால் தாராளம் என்பது என் அனுபவம்.

தட்டை அளப்பவர்கள் பெல்லட் பெட்டியை அளக்க மறந்துவிடுகிறார்கள். குறைந்த சூட்டில் மணிக்கு ஒன்றிலிருந்து இரண்டு பவுண்டு பெல்லட் எரியும். பெட்டி எட்டுப் பவுண்டுதான் கொள்ளும் என்றால், இரவு பத்து மணிக்கு ஏற்றிய பிரிஸ்கெட்டுக்காக விடிவதற்கு முன் எழுந்து நிரப்ப வேண்டியிருக்கலாம். பெல்லட் வழக்கமாக 20 பவுண்டு மூட்டையாக விற்கிறது. ஒரு மூட்டையை முழுதாகக் கொட்ட இடமிருக்கும் பெட்டி இரவுச் சமையலுக்கு ஏற்றது.

கடைசியாக, வைக்கப்போகும் இடம். அடுப்பின் அகலத்தோடு பக்கப்பலகை, பெல்லட் பெட்டி, பின்பக்கம் மூடி திறக்கும் தூரம், சுவரிலிருந்து விடச்சொல்லி கையேடு குறிப்பிடும் இடைவெளி எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள். இதற்கு மின்சாரமும் வேண்டும்; வெளிப்புற மின் இணைப்பு எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் பால்கனியில் கிரில் வைக்க அனுமதி உண்டா என்பதை வாடகை ஒப்பந்தத்தில் படித்துவிட்டு, பிறகு கடைக்குப் போகலாம்.