சுண்ணாம்பு நீரைத் தானியங்கியிடம் ஒப்படைக்கும்போது நேரும் தவறுகள்

வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் வளரும் கல் பவளங்கள் தம் கூட்டைக் கட்டுவதற்குக் கால்சியத்தையும் கார்பனேட்டையும் நாள்தோறும் எடுத்துக்கொள்கின்றன. அவ்விரண்டையும் ஏறக்குறைய அதே விகிதத்தில் ஈடுசெய்வதால், சுண்ணாம்பு நீரை, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு கரைத்த தெளிந்த நீரை, தொட்டிக்கு ஊட்டும் முறை நெடுங்காலமாக வழக்கத்தில் உள்ளது. இனி மேலும் கரையாத அளவுக்குச் சுண்ணாம்பு கரைந்த நிறைகரைசலின் பி.எச். 12.4 அளவில் இருப்பதால், இதைப் பம்பின் பொறுப்பில் விடுபவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

ஆவியாகும் நீரை நிரப்பும் கருவியிலேயே சுண்ணாம்பு நீரை இணைத்துவிட்டு, அளவைப் பற்றி யோசிக்காமல் இருப்பதுதான் மிகப் பரவலான தவறு. கார்பனேட்டின் இருப்பைக் காட்டும் அளவான காரத்தன்மை, ஒரு லிட்டர் நிறைகரைசலில் சுமார் 40 மில்லிஈக்விவலன்ட் (அதன் அலகு) உண்டு. 200 லிட்டர் தொட்டியில் நாளொன்றுக்கு 2 லிட்டர் ஆவியாகி, அவ்வளவும் நிறைகரைசலாலேயே நிரப்பப்பட்டால், காரத்தன்மை சுமார் 1.1 டி.கே.எச்.சும் (தொட்டி வளர்ப்போர் அதை அளக்கும் அலகு) கால்சியம் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராமும் சேரும். பவளங்களின் தேவையை முடிவு செய்வது அவற்றின் வளர்ச்சி. ஆவியாதலை முடிவு செய்வதோ வானிலை. இரண்டும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தப் பொருத்தமின்மை கூடுதலாகத் தெரியும். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் இம்மாவட்டத்தில், ஈரக்காற்று நிறைந்த மாதங்களில் ஆவியாதல் குறைந்து, பவளங்களுக்குச் சேரும் சுண்ணாம்பும் அதனோடு குறைந்துவிடும். கோடையில் நீரைக் குளிர்விக்கத் தொட்டியின் மேல் மின்விசிறியைப் பொருத்தினால், யாரும் கேட்காமலேயே ஊட்டம் கூடிவிடும். காற்று வீசும் ஆரல்வாய்மொழிப் பக்கத்து வீட்டின் கணக்கு குளச்சலில் இருக்கும் வீட்டுக்குப் பொருந்தும் என்று எண்ணுவதற்கில்லை. ஆகவே, நிரப்பு நீரைத் தனியாகவும் சுண்ணாம்பு நீரைக் குறித்த அளவு மட்டும் விடும் தனி டோசிங் பம்பிலும் வைத்து, வாரம் ஒரு முறையேனும் காரத்தன்மையை அளந்து ஊட்டும் அளவைத் திருத்துவதே நல்லது என்பது என் கருத்து. ஒரே கருவியில்தான் இயக்க முடியும் என்றால், நிறைகரைசலுக்குப் பதிலாக நீர்த்த கரைசலைப் பயன்படுத்தலாம்.

நீர்மட்டம் ஏறியதும் பம்பை நிறுத்தும் மிதவை சுவிட்சை முழுமையாக நம்புவதும் ஆபத்தானது. உப்புப் படிந்தோ நத்தை ஏறியோ சுவிட்ச் சிக்கிக்கொண்டால், சுண்ணாம்பு நீர்க் கலத்திலுள்ள அனைத்தும் தொட்டிக்குள் இறங்கிவிடும்; பி.எச். திடீரென ஏறி, நீர் பால்போல் வெளுத்து, கால்சியம் கார்பனேட் வீழ்படிவாகிவிடும். இரண்டாவது மிதவையும், ஒரே சமயத்தில் பம்ப் ஓடும் நேரத்துக்கு உச்சவரம்பும் இருக்க வேண்டும். முழுவதும் கொட்டிப்போனாலும் தொட்டி தாங்கும் அளவுக்குக் கலம் சிறியதாக இருப்பது இவை இரண்டையும்விட உறுதியான காப்பு. மின்வெட்டுக்குப் பின் பம்ப் எந்த நிலையில் மீண்டும் தொடங்குகிறது என்பதையும் ஒரு முறை சோதித்துப் பார்க்க வேண்டும்.

விளக்கு எரியும் பகலில் மொத்தமாக ஊட்டுவது இன்னொரு தவறு. ஒளிச்சேர்க்கை நின்ற இரவில் கார்பன் டை ஆக்சைடு மிகுந்து பி.எச். இறங்குவதால், அந்நேரத்தில் சிறு சிறு அளவுகளாக, சம்ப் எனப்படும் துணைத் தொட்டியில் நீரோட்டம் வலுவாக உள்ள பகுதியில் விடுவதே முறை.

வெற்றிலைக்கும் வெள்ளையடிப்பதற்கும் சந்தையில் கிடைக்கும் சிப்பிச் சுண்ணாம்பு விலை மலிவுதான். அது எவ்வளவு வெந்தது, அதில் என்ன கலந்துள்ளது என்பது தெரியாததால், உணவுத் தரமோ ஆய்வகத் தரமோ உள்ள தூளையே வாங்க வேண்டும். லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் போடுவதால் கரைசலின் வலிமை கூடிவிடாது. சூடான நீரில் சுண்ணாம்பு இன்னும் குறைவாகவே கரையும். கலத்தைத் திறந்து வைத்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டு மேலே வெள்ளை ஏடு படிந்து, கரைசல் வலுவிழக்கும். ஓயாமல் கலக்கிக்கொண்டே இருந்தாலும் இதே நிலைதான்.

உறிஞ்சு குழாயின் முனை அடியில் தங்கிய வண்டலைத் தொடாதபடி சற்று உயரத்தில் இருக்க வேண்டும். மாசுகளில் பெரும்பகுதி அவ்வண்டலில்தான் தங்குகிறது. தொட்டிக்குள் சொட்டும் முனையிலும் சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொள்ளும் என்பதால், குழாயை அவ்வப்போது கழற்றி, வினிகரில் ஊறவைத்து, நன்னீரில் அலசிய பிறகே மீண்டும் பொருத்த வேண்டும்.