பெட்ரோல் காருக்கு லாரி டர்போ: என் அனுபவம்
புதுச்சேரி மேட்டுப்பாளையம் பக்கம் லாரியில் வரும் டர்போவை (புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) என் காரில் மாட்டப் போகிறேன் என்று எந்த மெக்கானிக்கிடம் சொன்னாலும், "பெட்ரோல் வண்டிக்கு லாரி டர்போவா?" என்றுதான் கேட்டார்கள். கணக்குப் போட்டால் பொருந்துகிறது. 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் எஞ்சின் 2,500 ஆர்பிஎம்மில், பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் அழுத்தம்) சேர்க்காமல், நிமிடத்துக்குச் சுமார் 7,375 லிட்டர் காற்று இழுக்கும். என் 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 7,000 ஆர்பிஎம்மில் 7,000 லிட்டர். அதனால் அந்த டீசலில் வந்த ஹோல்செட் எச்எக்ஸ்35 டர்போவையே பழையதாக வாங்கினேன். பழைய டர்போ வாங்கும்போது அதன் ஷாஃப்ட்டை (நடுவில் சுழலும் தண்டு) விரலால் ஆட்டிப் பாருங்கள்: பக்கவாட்டில் லேசான ஆட்டம் பரவாயில்லை, முன்னும் பின்னும் அசைந்தால் வேண்டாம்.

மாட்டி ஓட்டியதும் ஒரு தொல்லை. ஆக்சிலேட்டரை விட்டால் டர்போ படபடவென்று அடித்துக்கொண்டது. அந்தப் பழைய டீசலில் காற்று வழியை மூடித் திறக்கும் த்ராட்டில் தட்டு கிடையாது. பெட்ரோலில் தட்டு மூடியதும் அழுத்தக் காற்று போக வழியின்றி டர்போ மீதே திரும்பி மோதுகிறது. த்ராட்டிலுக்கு முன்னால் குழாயில், அந்த அழுத்தக் காற்றைத் திறந்துவிடும் ப்ளோ ஆஃப் வால்வு வைத்தேன், சத்தம் நின்றது.

அப்புறம் சூடு. பெட்ரோல் புகை டீசலைவிடச் சூடானது, என் டர்போவுக்கோ தண்ணீர் குளிர்ச்சி இல்லை, ஆயில் மட்டும்தான். ஈசிஆரில் ஓட்டிவிட்டு வந்தால் கொஞ்ச நேரம் ஐடிலில் விட்டே அணைக்கிறேன். டர்போ பெரியது என்பதால் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை மந்தம்தான். டவுனுக்குள்ளேயே ஓட்டுபவர்கள் சின்ன டர்போவே போடலாம்.